கழுக்குன்றக் கல்வெட்டும் பழைய ஆராய்ச்சி இதழ்களும்

செங்கற்பட்டினின்று தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை பாலாற்றைக் கடந்தபின் வழியிற் காணப்படும் ஊர்களுள் படாளம் என்பதும் ஒன்று. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையாலும், புகைவண்டி நிலையத்தாலும், வேடந்தாங்கற் பறவை ஏரிக்குப் பிரிந்து செல்லும் கூட்டுச்சாலையாலும் இஃது இக்காலத்தார்க்கு அறிமுகமானது. இதனை நடுவாக வைத்து நாற்புறமும் நோக்குவார்க்கு வேறொரு சிறப்புப் புலனாகும். வடக்கே, செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் மகேந்திர பல்லவன் காலத்துக் குகைக்கோயில் உளது. கிழக்கே, பாலாற்றிற்கு அப்பால், மூவர் பாடலும் திருவாசகமும் பெற்ற திருக்கழுக்குன்றம் உளது. அதற்கும் அப்பால் கடற்கரையில் மாமல்லபுரமும், தெற்கே மதுராந்தகத்தைக் கடந்தால் ஆளுடைய பிள்ளையார் பாடியருளிய அச்சிறுபாக்கமும் உள்ளன. நாயன்மார் காலத்தை வரையறுத்தற்குத் துணைநின்ற கற்கள் சில இவ்வெல்லைக்குள்ளேயே கிடக்கின்றன.

கற்கள் இவ்வாறு அணித்தாயிருக்க, அவற்றைப் படித்து விளக்கிய தாள்களோ மிகச் சேய்மையில் இருந்தன. அவை கல்கத்தாவிலும் பம்பாயிலும் இலண்டனிலும் அச்சாயின, ஆங்கிலத்தில் எழுதப்பட்டன, எளியோர் வாங்கும் விலையினவும் அல்ல. கழுக்குன்றத்துச் சாசனத்தைப் பற்றி எழுதியதைப் படிக்க விரும்பிய செங்கற்பட்டு நாட்டுப் புலவர் ஒருவர் சென்னைக்குச் சென்று, 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூல்நிலையத்திலேனும் கல்லூரி நூல்நிலையம் ஒன்றிலேனும் இடம் பெற்றுத் தொகுதிகளை வருவித்துக் காணல் வேண்டும். பெரும்பாலார் அம்முயற்சியை மேற்கொண்டிலர். பிறர் எழுதிய சுருக்கத்தை நம்பினர். அச்சுருக்கத்தை வேறொருவர் சுருக்கினார். மூன்று நான்கு கை மாறியபின், கல்லில் உள்ளது எது, உரைத்தவர் ஊகம் எது என்று பிரித்தறிய இயலாமற் போயிற்று. சைவ நூற்பதிப்புக்களின் முகவுரைகளில் நாயன்மார் காலத்தைப் பற்றி ஒன்றோடொன்று முரணிய கூற்றுக்கள் காணப்படுதற்கு இஃதொரு காரணமாம்.

இந்நிலை இந்நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு மாறி வருகின்றது. பழைய ஆராய்ச்சி இதழ்கள் தாள்தாளாக ஒளிப்படம் எடுக்கப்பெற்று, எண்ணுருவாக்கப்பெற்று, இணையத்தில் யாவர்க்கும் பொதுவாக வைக்கப்பட்டுள்ளன. கல்கத்தாவில் 1784இல் நிறுவிய ஆசியக் கழகத்தார் 1788 முதல் வெளியிட்ட ‘ஏசியாடிக் ரிசர்ச்சஸ்’, சென்னை இலக்கியச் சங்கத்தின் சார்பில் 1833இல் தோன்றிய இலக்கிய அறிவியல் இதழ், பம்பாயிலிருந்து 1872இல் பர்கெஸ் துரை தொடங்கிய ‘இந்தியன் ஆண்டிக்குவேரி’, சாசனங்களுக்கென்றே அமைந்த ‘எபிகிராபியா இண்டிகா’, மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரியார் 1927இல் சென்னையில் தொடங்கிய ‘கீழ்த்திசை ஆராய்ச்சி இதழ்’ ஆகிய இவற்றின் தொகுதிகள் பல இன்று கைப்பேசியொன்றில் அடங்குகின்றன. சைவத்திற்கே உரியதாய், ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1897ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’யின் ஆங்கிலத் தொகுதிகளும் அவ்வாறே கிடைக்கின்றன. படாளத்துத் திண்ணையில் அமர்ந்தவாறே ஒருவர் இவற்றைப் புரட்டலாம். முன்னாளில் கன்னிமாராவிற்கு நடந்த புலவர்க்கு இது கனவிலும் தோன்றியிராது.

இதனால் சைவ வரலாற்றிற்கு விளைந்த பயன் யாதென்பதைத் திருஞானசம்பந்தர் காலவாராய்ச்சி ஒன்றைக் கொண்டே அளந்தறியலாம். அதிலும் கழுக்குன்றத்துக் கல்லுக்குப் பெரும்பங்கு உண்டு.

கால்டுவெல் பாதிரியார் 1856இல் முதற்கண் வெளியிட்டு 1875இல் விரித்தமைத்த தமது ஒப்பிலக்கணத்துள், பிள்ளையாரால் சுரம் நீங்கிச் சைவனாகிய கூன்பாண்டியனைச் சுந்தரபாண்டியன் எனக் கொண்டு, மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்து யாத்திரிகர் குறித்த சுந்தரபாண்டியனும் இவனே எனத் துணிந்தார். மார்க்கோ போலோ தமிழ்நாட்டுக் கரையை அடைந்தது 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலாம். இத்துணிபை ஏற்பின், பிள்ளையார் இராசராசனுக்கு மூன்று நூற்றாண்டு பிற்பட்டவராவர். அவரைப் போற்றிய நம்பியாண்டார் நம்பியும் சேக்கிழாரும் அவருக்கு முன்னரே வாழ்ந்தோராவர். தேவாரமே பிற்காலத்து நூலாய்விடும். சைவ மக்கள் இதனைக் கேட்டு வருந்தினரேயன்றி, மறுத்துரைக்கத்தக்க சான்று அப்போது அச்சில் இலது.

கால்டுவெல்லை இதன்பொருட்டு இகழ்தல் முறையன்று. பெயரொற்றுமை ஒன்றே அவர் கையிலிருந்த கருவி. தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய நாற்பத்தெண்மரையும் அவர்க்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் இசைக்க இருவரையும் இராசராசன் தன் ஆட்சியின் 29ஆம் ஆண்டில் நியமித்த சாசனம், ஹூல்ட்ஸ் துரை பதிப்பித்த தென்னிந்தியச் சாசனங்களின் இரண்டாந் தொகுதியில் பிற்பாடே வெளிவந்தது. அஃது அவர் கண்ணிற் பட்டிருப்பின் அவ்வாறு எழுதியிரார் என்பது திண்ணம்.

முதலில் மறுத்தெழுந்தவர் திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரிப் பேராசிரியராயிருந்தவரும் மனோன்மணீயம் இயற்றியவருமாகிய பெ. சுந்தரம் பிள்ளையவர்கள். தமிழிலக்கிய வரலாற்றின் மைல்கற்கள் சில என்னும் பொருள்படப் பெயரிட்டு அவர் எழுதிய ஆங்கில ஆராய்ச்சி சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழில் வந்து, 1895இல் நூலாயிற்று. அவர் காலமானபின் திருச்சிராப்பள்ளியினின்று வந்த ‘தமிழியன் ஆண்டிக்குவேரி’யில் 1909இல் மீண்டும் அச்சாயிற்று. பிள்ளையவர்கள் நூற்சான்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிற்பட்டவராகார் என்னும் முடிபிற்கு வந்தார். அவர் முறை கணக்காயர் முறை. எந்தச் சான்று எத்துணைப் பாரந் தாங்கும் என்பதை நிறுத்துப் பார்த்தே வைக்கின்றார். இன்று அதனை இணையத்திற் படிப்பவர்க்கும் அந்நடையின் நேர்மை இன்பம் பயப்பதே. எனினும், நூற்சான்று இன்னார்க்கு முன்னர் என்னும் அளவிற்கே துணைநின்றது. இன்ன அரசன் காலம் என்று நாட்டுதற்குக் கல் வேண்டியிருந்தது.

அக்கல் கழுக்குன்றத்திற் கிடைத்தது. ஹூல்ட்ஸ் துரையின்கீழ்ப் பணியாற்றிய வெ. வெங்கையரவர்கள் அத்தலத்துப் பழந்தமிழ்ச் சாசனங்கள் நான்கினை எபிகிராபியா இண்டிகாவின் மூன்றாந் தொகுதியில் அச்சிட்டார். அத்தொகுதி 1894, 1895 ஆகிய ஆண்டுகட்கு உரியது. சுந்தரம் பிள்ளையவர்கள் நூல் வெளிவந்ததும் அப்போதேயாம். தெற்கே திருவனந்தபுரத்தில் ஒருவர் நூலாலும், சாசன இலாகாவில் ஒருவர் கல்லாலும், ஒரே காலத்தில் ஒரே வினாவை ஆராய்ந்தனர் என்பது வியக்கத்தக்கது.

அந்நான்கனுள் முதலாவது இராசகேசரிவர்மனது 27ஆம் ஆட்சியாண்டிற்குரியது. தொண்டைமண்டலத்தைக் கைக்கொண்ட முதலாம் ஆதித்த சோழனே இவன் என்ப. ஆகவே காலம் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியாம். திருக்கழுக்குன்றத்து மூலட்டானத்துப் பெருமானுக்குக் கந்தசிஷ்யன் என்னும் அரசன் முன்னாளில் நிலம் விட்டிருந்தான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அக்கொடையை அவ்வாறே காத்தான். ஒருவர் விண்ணப்பத்தின்மேல் இராசகேசரியும் அதனை முன்போலவே நடத்துவித்தான். சாசனத்தின் சாரம் இவ்வளவே. கந்தசிஷ்யன் பல்லவருள் எவன் என்பதில் அறிஞர் ஒருமுகப்படவில்லை. நரசிங்கப் போத்தரையன் யார் என்பதிலோ ஐயம் இல்லை. ‘வாதாபி கொண்ட’ என்னும் அடையே அவனைக் காட்டிக்கொடுக்கின்றது. அவன் மாமல்லன் எனப்படும் முதலாம் நரசிங்கவர்மனாவான்.

இவ்விடத்தில் வெங்கையர் பெரியபுராணத்தை நினைத்தார். சிறுத்தொண்ட நாயனார் முன்னர்ப் பரஞ்சோதியார் என்னும் பெயரோடு தம் மன்னனுக்குப் படைத்தலைவராய்ச் சென்று வாதாபித் தொன்னகரம் துகளாக வென்று மீண்டவர் எனச் சேக்கிழார் கூறுகின்றார். அந்நாயனாரைத் திருச்செங்காட்டங்குடியிற் கண்டு அளவளாவிய திருஞானசம்பந்தர் தம் பதிகத்திலேயே அவர் பெயரை வைத்துப் பாடியுள்ளார். வாதாபியைக் கொண்ட பல்லவன் நரசிங்கவர்மன் ஒருவனே. ஆகவே சிறுத்தொண்டர் அவன் படைத்தலைவர். சம்பந்தர் அவர் காலத்தவர். அவ்வாதாபி வெற்றி கி. பி. 642ஐ ஒட்டி நிகழ்ந்தது. மார்க்கோ போலோவின் காலத்திலிருந்து ஆறரை நூற்றாண்டு மேலே சென்று பிள்ளையார் காலம் நிலைபெற்றது. இதற்குச் சான்றளித்த மூன்றும், அஃதாவது கல்லும், பதிகமும், புராணமும், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்தோடு தோன்றியவை. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியதன்று. அதனாலேயே இம்முடிபு அசைக்கவொண்ணாததாயிற்று.

இம்முடிபை வலியுறுத்தும் பிற சான்றுகள் வேறு வேறு இதழ்களிற் சிதறிக்கிடந்தன. வாதாபியிலேயே பாறையொன்றில் நரசிங்கவர்மன் பொறித்த சிதைந்த சாசனத்தைப் பிளீட்டு துரை 1880ஆம் ஆண்டு இந்தியன் ஆண்டிக்குவேரியில் அச்சிட்டார். செங்கற்பட்டிற்கு வடக்கிலுள்ள மணிமங்கலம் முதலிய இடங்களில் புலிகேசியை அப்பல்லவன் புறங்கண்டதைக் கூறும் கூரத்துச் செப்பேடு 1890இல் வந்த தென்னிந்தியச் சாசனங்களின் முதற்றொகுதியில் உளது. பாண்டியர் பக்கத்துச் சான்று மிகவும் பிந்தி வந்தது. இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற் கிடந்த வேள்விக்குடிச் செப்பேட்டைக் கிருஷ்ண சாஸ்திரியார் எபிகிராபியா இண்டிகாவின் 17ஆம் தொகுதியில் வெளியிட்டபோது, நெல்வேலிப் போரில் வென்ற அரிகேசரி என்னும் பாண்டியன் வெளிப்பட்டான். நின்றசீர் நெடுமாற நாயனாரைச் சுந்தரமூர்த்தி நாயனார் நெல்வேலி வெற்றியோடு சேர்த்தே திருத்தொண்டத்தொகையில் நினைக்கின்றார். கூன்பாண்டியன் 13ஆம் நூற்றாண்டினன் அல்லன், ஏழாம் நூற்றாண்டினன் என்பது பாண்டியர் செப்பேட்டாலும் இவ்வாறு உறுதிப்பட்டது.

கால்டுவெல் நூலின் இரண்டாம் பதிப்பிற்கும் வேள்விக்குடிச் செப்பேட்டின் வெளியீட்டிற்கும் இடையே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. ஐந்து இடங்களில் ஐந்து பதிப்பாளர் வெளியிட்ட செய்திகளை ஒருங்குவைத்துப் பார்த்தோர் தமிழ்நாட்டில் அப்போது மிகச் சிலரே. இன்றோ அவ்வைந்தினையும் ஒரு மாலைப்பொழுதில் அடுத்தடுத்து வைத்துக் காணலாம்.

இதிலேயே ஓர் இடரும் உளது. இணையக் களஞ்சியத்தில் எல்லா நூலும் ஒரு தரமாகவே நிற்கின்றன. கால்டுவெல்லின் பழைய பக்கமும் அதனைத் திருத்திய வெங்கையரின் பக்கமும் ஒரே திரையில் ஒரே அளவில் தோன்றும். முன்னதைப் பின்னது தள்ளிவிட்டது என்னும் குறிப்பு அங்கில்லை. மேலும், பலரும் எடுத்தாளும் பழைய நூல் எளிதில் அகப்படும். சாசனத் தொகுதியின் நடுவே புதைந்த திருத்தமோ தேடுவார்க்கும் எளிதில் அகப்படுவதன்று. ஆராய்ச்சிப் பயிற்சியில்லாத இளைஞர் ஒருவர் முதலில் தோன்றியதையே எடுத்தெழுதின், நூறாண்டிற்கு முன் வீழ்ந்த கொள்கை மீண்டும் எழுந்து நடமாடும். ஆதலின் இத்தொகுதிகளை ஆண்டு வரிசையிற் படித்தல் இன்றியமையாதது. முகப்பேட்டிலுள்ள ஆண்டை நோக்காது உள்ளே புகுதல் தேதியில்லாக் கடிதத்தை நம்புதல் போலும்.

தேடுதலிலும் இடர்ப்பாடு உண்டு. திருக்கழுக்குன்றத்தை ஐரோப்பியர் பலர் பட்சிதீர்த்தம் என்றே எழுதினர். நாள்தோறும் இரு கழுகுகள் வந்து உணவு கொண்ட காட்சி அவர் மனத்தைக் கவர்ந்தமையால் ஊர்ப்பெயரும் அதுவாயிற்று. சாசன இலாகாவினர் தலப்பெயரைச் சரியாகவே எழுதினர். ஆனால் ழகரத்திற்கு லகர ஆங்கில எழுத்தை இட்டு அதன்கீழ் ஒரு கோடோ புள்ளியோ வைத்தனர். கணினி அவ்வச்செழுத்தைப் படிக்கும்பொழுது கோட்டையும் புள்ளியையும் விழுங்கிவிடுகின்றது. சில தொகுதிகளில் அவ்வெழுத்தையே வேறொன்றாக மாற்றிவிடுகின்றது. ஆகவே இக்காலத்து ஆங்கில எழுத்துமுறைப்படி ஊர்ப்பெயரைத் தட்டுவார்க்கு ஒன்றும் இல்லை என்னும் விடையே வரும். இல்லாதது செய்தியன்று, எழுத்தொற்றுமையே. மாமல்லபுரத்திற்கோ கேட்கவேண்டுவதில்லை. மாவலிபுரம், மகாமலைபுரம், மகாபலிபுரம், செவன் பகோடாஸ் என்று நூற்றாண்டுதோறும் ஒரு பெயர். பிள்ளையார் திருப்பெயரையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு வகையாக எழுதினர். இப்பெயர்களையெல்லாம் ஒரு தாளிற் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுபவரே பயன் பெறுவர்.

தமிழிதழ்களின் நிலை இதனினும் கடினம். 1978இல் அரசினர் எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன் வந்த பக்கங்களில் னை, லை, ணை முதலியனவும் னா, றா, ணா முதலியனவும் பழைய வடிவில் உள்ளன. கிரந்த எழுத்தும் இடையிடையே விரவும். கணினி இவற்றிற் பலவற்றைப் பிழைபடவே படிக்கின்றது. மதுரைத் தமிழ்ச் சங்கத்துச் ‘செந்தமிழ்’ போன்ற இதழ்களில் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடித்தல் இதனால் அரிதாகின்றது. பொருளட்டவணையைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டும் பழைய வழியே அங்குத் துணை. அது தீங்கன்று. ஒன்றைத் தேடப் புகுந்தவர் அயற்பக்கத்தில் அதனினும் சிறந்த ஒன்றைக் காண்டல் அவ்வழியிலேயே நிகழும்.

சிதறிய ஆராய்ச்சித் தாள்களை ஓரிடத்துத் தொகுக்கும் எண்ணம் இக்கடற்கரைக்குப் புதிதன்று. வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1772இலும் 1776இலும் மாமல்லபுரத்தைக் கண்டு எழுதியது ஏசியாடிக் ரிசர்ச்சஸின் முதற்றொகுதியிலேயே வந்தது. கோல்டிங்காம் அவ்விதழின் வேறொரு தொகுதியில் எழுதினார். பாபிங்டன் அவ்வூர்ப் பல்லவ கிரந்த எழுத்துக்களை முதன்முதற் படித்து, இலண்டன் அரசாங்க ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் 1830இல் அச்சிட்டார். பிராடாக்கு என்பவரது வருணனை சென்னை இலக்கியச் சங்கத்து இதழில் வந்தது. இவற்றையெல்லாம் காப்டன் கார் என்பவர் ஒன்றுசேர்த்து 1869இல் சென்னையரசினர் பொருட்டு ஒரு நூலாக்கினார். அதனாலேயே, மூல இதழ்கள் கிடையாத காலத்தும் மாமல்லபுரத்தைப் பற்றிய பழைய செய்திகள் அழியாது நின்றன. இன்று கார் தொகுத்த நூலும் கிடைக்கின்றது. அவர் எடுத்தாண்ட மூல இதழ்களும் தனித்தனியே கிடைக்கின்றன. இரண்டையும் ஒப்புநோக்கி அவர் பதிப்பைச் சரிபார்க்கவும் இயலும்.

அவ்வூர்க் கோயிற் சாசனங்கள் சைவர்க்கு நெருங்கிய பொருளுடையன. உருத்திரனை உள்ளத்தே வையாதாரைக் கடிந்துரைக்கும் வடமொழிச் சுலோகம் அங்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோயில்களிற் பொறிக்கப்பட்டுள்ளது. அத்தியந்தகாமன் என்னும் விருதுடைய அரசன் எடுத்த சிவாலயங்கள் அவை. அவ்வரசன் யார் என்பதில் ஆராய்ச்சியாளர் கருத்து மாறிமாறி வந்து, 1962இல் இரா. நாகசாமியவர்கள் அவ்வூர்ச் சிற்பக்கோயில்கள் அனைத்தும் இராசசிம்மன் காலத்தனவே என எழுதியபின் வாதம் மேலும் சூடேறிற்று. இராசசிம்மன் கச்சிக் கயிலாசநாதர் கோயிலை எடுத்தவன். கழற்சிங்க நாயனார் இவனே என்பார் ஒருசாரார். தெள்ளாற்றெறிந்த மூன்றாம் நந்திவர்மனே என்பார் மற்றொருசாரார். முன்னதை ஏற்பின் சுந்தரமூர்த்தி நாயனார் எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியினர். பின்னதை ஏற்பின் ஒன்பதாம் நூற்றாண்டினர். சம்பந்தர் காலத்திற்குக் கிடைத்ததுபோல முடிவான கல்லொன்று இவ்வினாவிற்கு இன்னும் கிடைத்திலது. இருசாரார் வாதங்களும் பல இதழ்களில் கிடக்கின்றன. அவற்றை இனி எவரும் முழுமையாகப் படித்துத் தாமே நிறுத்துப் பார்க்கலாம்.

அப்பர் பெருமானுக்குரிய சான்று வல்லத்திலும் உளது. குணபரன், சத்துருமல்லன் முதலிய விருதுகளையுடைய மகேந்திரவர்மனுக்கு அடியனாகிய வயந்தப்பிரியனின் மகன் கந்தசேனன் அக்குகைக்கோயிலைச் செய்வித்தான் எனத் தமிழ்ச் சாசனம் கூறுகின்றது. குணபரன் என்னும் பெயரே, பல்லவன் சைவனாகிய பின் திருவதிகையில் எடுத்ததாகப் பெரியபுராணங் கூறும் குணபரவீச்சரத்திலும் விளங்குகின்றது. அவ்வரசன் புறநெறியினின்று மீண்டு இலிங்கத்தை அடைந்ததைச் சிலேடையாகக் கூறும் திருச்சிராப்பள்ளி மலைச்சாசனத்தை ஹூல்ட்ஸ் துரை 1890இல் வெளியிட்டார். செங்கற்பட்டு இருப்புப்பாதை நிலையத்தினின்று சிறிது தூரத்தில் உள்ள இக்குகைக்கு வருவோர் சிலரே.

இவ்வெண்ணுருத் தொகுதிகளை முற்றும் நம்பிவிடுதலும் ஆகாது. சாசனத்தின் மைப்படிப் படம் பெரிய தாளில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒளிப்படம் எடுத்தவர் அதனை விரியாமலே எடுத்துச் சென்றுள்ள தொகுதிகள் பல. வாசகத்தைப் படமின்றிப் படிப்பவர் பதிப்பாளரின் கண்ணையே நம்புகின்றார். பக்கங்கள் விடுபட்டனவும் இருமுறை வந்தனவும் உண்டு. ஒரு தொகுதியின் பெயரால் வேறொரு தொகுதி வைக்கப்பட்டதும் உண்டு. அன்றியும், இணையத்தில் உள்ளது என்றும் நிலைத்திருக்கும் என்பதும் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த இந்திய எண்ணுரு நூலகம் இலட்சக்கணக்கான நூல்களைப் படமாக்கியது. அத்தளம் பின்னர் இயங்காதொழிந்தது. அதற்குள் பலர் அந்நூல்களைப் படியெடுத்து, 1996இல் அமெரிக்காவில் தோன்றிய இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றியிராவிடின் அவ்வுழைப்பிற் பெரும்பகுதி வீணாயிருக்கும். ஓலைச்சுவடியைப் பல மடங்கள் தனித்தனியே படியெழுதி வைத்தமையால் நூல்கள் பிழைத்த வரலாறு இங்கும் நினைவிற்கு வருகின்றது.

தமிழ்நாட்டிற் செய்யப்பட்டுவரும் பணியும் சிறிதன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தேடித்தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் பெயராலேயே 1994 முதல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாய் விளங்குகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய தமிழ் இதழ்கள் பல ஏற்றப்பட்டுள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் திரட்டிய சைவாகமச் சுவடிகளை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு 2005இல் உலக நினைவுப் பட்டியலிற் சேர்த்தது; அவையும் எண்ணுருவாயின. சித்தாந்தம் பயில்வார்க்கு ஆகமமூலங்களைக் காண முன்னைவிட எளிய வழி இதனால் திறந்துளது. சாசன மைப்படிகளோ நெடுங்காலம் மைசூரிலிருந்தன. தமிழ்ச் சாசனங்களுக்குரிய மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவருதல் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆணையிட்டது. அச்சிடப்பெறாத சாசனங்கள் மிகப் பல உள்ளமையால், நாயன்மார் காலத்திற்கு வேண்டிய அடுத்த சான்று எந்த மைப்படியிற் சுருண்டிருக்கின்றதோ என்று எண்ணுதல் மிகையன்று.

சித்தாந்த தீபிகையைப் பற்றி ஒரு சொல். அரசாங்க நீதித்துறையில் முன்சீப்பாகப் பணிபுரிந்துகொண்டே நல்லசாமிப் பிள்ளையவர்கள் அவ்விதழை நடத்தினார். 1895இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட அவர், மெய்கண்ட சாத்திரத்தையும் திருமுறையையும் பிறநாட்டார்க்கு உணர்த்துவதையே அவ்விதழின் பணியாகக் கொண்டார். தமிழ்ப் பதிப்பில் இளைஞராயிருந்த வேதாசலம் பிள்ளை, அதாவது மறைமலையடிகள், துணைநின்றார். 1914 வரை நடந்த அத்தொகுதிகளைப் புரட்டினால், சம்பந்தர் காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி எத்துணை ஆர்வத்தோடு அக்காலச் சைவரால் வரவேற்கப்பட்டது என்பது விளங்கும். மேனாட்டார் கூற்றென்றே தள்ளாமலும், மேனாட்டார் கூற்றென்றே கொள்ளாமலும், சான்று கேட்டுத் துணிந்த மனப்பான்மை அப்பக்கங்களில் உளது.

கழுக்குன்றத்தின் மலைமேல், வேதகிரீசுவரர் கோயிலுக்குச் செல்வோர் பலர் காணாது விடும் குடைவரை ஒன்று உளது. ஒருகல் மண்டபம் என்பர். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் பெயர் பொறித்த பழங்கல்வெட்டு அதிலும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் அண்மையிலுள்ள சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையிலிருந்த டச்சுக்காரர் மலையேறிவந்து தம் பெயர்களையும் ஆண்டுகளையும் அம்மண்டபத்திற் செதுக்கிச் சென்றனர். வணிகர் வெட்டிய பெயர்கள் இன்றும் தெளிவாகப் படிக்கத்தக்கன. பல்லவன் எழுத்தைக் காண விரும்புவார், பக்கப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாய்ந்த வெயில் விழும் நேரம் பார்த்து நிற்றல் வேண்டும்.